ஒரு பக்கத்துக்கு மட்டும் அளந்த வேகம்

“வெள்ளிக்கிழமை வலயத்து சேர் வந்தா, எனக்கு ஏலா எண்டு சொல்லப் போறன்,” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சுளகில் கிடந்த முருங்கை இலையை உருவத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புதன்கிழமைப் பின்னேரம் வந்தது கோபம் மட்டுமில்லை, பயமும்தான். அக்கா ஏலாது என்று சொன்னால், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் உயர்தரக் கணிதப் பிரிவு அதோடு சரி. ஐந்தே ஐந்து பிள்ளைகள். இணைந்த கணிதம் படிப்பிக்க அங்கே ஆள் இல்லை. வருகிறவர்களும் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் அக்கா குருக்கள்மடத்தில் தன் வீட்டு முன்னறையில் கரும்பலகை மாட்டி, கமெரா முன்னால் நின்று படிப்பிக்க ஒப்புக்கொண்டாள். பரீட்சார்த்தமாக ஒரு தவணை. வெள்ளிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பாடத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கேட்பார், தொடர்வீர்களா இல்லையா என்று. இல்லை என்றால் ஐந்து பேரும் திங்கட்கிழமை கலைப் பிரிவுக்குப் போகவேண்டியதுதான். தினமும் பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போய்ப் படிக்கிற வசதி அதுகளுக்கு இல்லை.

“ஏனாம் ஏலா?” என்றேன்.

“சுவரோட கதைக்கிற மாதிரி இரிக்கு புள்ள. விளங்குதா எண்டு கேக்கிறன், ஒரு சத்தமில்ல. ஆருக்கு விடை வந்திச்சி எண்டு கேக்கிறன், ஒரு சத்தமில்ல. நித்திரை கொள்ளுதுகளோ என்னவோ. அந்தப் பக்கத்துப் புள்ளைகளுக்குப் படிப்பு என்னத்துக்குகா?”

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில் பிறந்த எங்களுக்கு வாவியைத் தாண்டினால் எல்லாம் பின்தங்கியது என்றொரு நினைப்பு இரத்தத்திலேயே ஓடுகிறது. நான் அதைச் சொல்லப்போய், அவள் திருப்பிச் சொல்ல, கடைசியில் எனக்கு ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. “நீ மோட்டச் சைக்கிளால விழுந்து கால் உடைஞ்ச நாள்ல இருந்து எல்லாத்துலயும் குற்றம் பிடிக்கிறாய்,” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. கால் நன்றாக இருந்திருந்தால் அவள் ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவையிலேயே ஏறி வாவியைக் கடந்து நேரே போய்ப் படிப்பித்திருப்பாள். இரும்புத் தகடு வைத்த காலோடு, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் நெருக்கியடித்து ஏற்றுகிற அந்த மிதவையில் தினமும் ஏறி இறங்குவது அவளால் முடியாத காரியம். பாலத்தால் சுற்றிப் போக மோட்டார் சைக்கிள் ஓட்டவும் அவளால் இனி முடியாது.

“ஓம், என்ட கால்தான் பிழை. உன்ட பெட்டி திறம்,” என்றாள்.

பெட்டி என்னுடையதுதான். களுவாஞ்சிக்குடியில் வீட்டிலிருந்தபடியே, தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு நான் செய்கிற வேலை அது. ஊரில் என்னைக் ‘கொம்பியூட்டர் திருத்துறவ’ என்பார்கள். எத்தனை தரம் விளங்கப்படுத்தியும் பலனில்லை, விட்டுவிட்டேன். ரேடியோ அலையில் தரவை வாங்கி அனுப்புகிற சின்னப் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றுக்குள் விரல் நகமளவு ஒரு புரொசசர் இருக்கும். கையடக்கத் தொலைபேசியில் இருப்பதோடு ஒப்பிட்டால் சரியான ஏழை. அந்த ஏழையைக் கொண்டு எவ்வளவு வேகமாகத் தரவைக் கடத்தலாம் என்று அளப்பதும், அளந்து அளந்து அதைக் கூட்டுவதும்தான் என் தொழில்.

அக்கா வீட்டுக் கூரையில் ஒரு பெட்டி, பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு பெட்டி. நடுவில் வாவி. தண்ணீருக்கு மேலால் மறைப்பு ஒன்றும் இல்லாததால் அலை சுகமாகப் போகும். ஆனால் முதன்முதலில் அளந்தபோது வந்த எண்ணைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அளப்பது பெரிய வித்தையில்லை. ஒரு முனையிலிருந்து வெறும் தரவைக் கொட்டிக்கொண்டே இருப்போம், மறு முனையில் வினாடிக்கு எத்தனை மெகாபிட் வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். படம் தெளிவாகப் போகத் தேவையானதில் பாதிகூட வரவில்லை.

ரேடியோவில் பிழையில்லை. புரொசசருக்குத்தான் மூச்சு வாங்கியது. தரவு சின்னச் சின்னப் பொதிகளாக வரும். ஒவ்வொரு பொதிக்கும் ரேடியோ புரொசசரைக் கூப்பிடும். அது செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடும், பொதியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுக்கும், திரும்பி வருமுன் அடுத்த அழைப்பு. கலியாண வீட்டில் வாசலுக்கும் குசினிக்கும் ஓடி ஓடி ஒரு வேலையும் முடிக்காமல் களைத்துப்போகிற ஆள் ஒருவர் இருப்பாரே, அந்த நிலைமை.

பிரதி எடுப்பதை நிறுத்தினேன். பொதி வந்திறங்கிய இடத்திலேயே கிடக்கட்டும், இடத்தின் விலாசத்தை மட்டும் கைமாற்றினால் போதும் என்று மாற்றினேன். அளந்தேன், ஏறியது. ஒவ்வொன்றுக்கும் கூப்பிடாதே, கொஞ்சம் சேர்ந்த பிறகு கூப்பிடு என்று ரேடியோவுக்குச் சொன்னேன். அளந்தேன், இன்னும் ஏறியது. கடைசியாகப் பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கு ஒரு விதி போட்டேன்: அக்கா பக்கமிருந்து வருகிற பொதிகளை எடுக்கத் தொடங்கினால் அவை தீரும்வரை வேறு எந்தப் பக்கமும் திரும்பாதே. அப்போது வந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் சொல்லக்கூட ஆளில்லை. கணவர் “எத்தனை மெகாபிட் எண்டா என்ன, சோறு ஆக்கியாச்சா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

திரும்பிவரும் பக்கத்தை, பிள்ளைகளின் குரல் வருகிற பக்கத்தை, நாங்கள் யாரும் பெரிதாக எண்ணவில்லை. தொடக்கத்தில் பள்ளிக்கூடத்து அதிபரும் அக்காவும் நானும் கூடிக் கதைத்தபோது நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது. “சேர், அங்க இருந்து இஞ்சால எவ்வளவு வரவேணும்?”

அதிபர் சிரித்தார். “அங்க இருந்து என்னத்த வாறது மிஸ்? புள்ளைகள் கேட்டுக்கொண்டு இரிக்கும். அவ்வளவுதான்.”

அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் மூவரும் படித்த வகுப்புகள் அப்படித்தான். வாத்தியார் கதைப்பார், நாங்கள் எழுதுவோம். கேள்வி கேட்டவனுக்குத் தலையில் குட்டு விழும். அதனால் அந்தப் பக்கத்தில் கமெரா வேண்டாம், ஒரு மைக் போதும் என்று முடிவாயிற்று. பொருத்திய அன்று அதிபர் மைக்கில் “ஹலோ, ஹலோ” என்றார். அக்கா “கேக்குது சேர்” என்றாள். அதோடு அந்தப் பக்கத்து வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் படுவான்கரைக்குப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் நித்திரை கொள்ளுதுகளா என்று என் கண்ணால் பார்க்கவேண்டும். கொண்டால் நாலு ஏச்சு ஏசி எழுப்பவேண்டும். இதுதான் என் எண்ணம். வயல் வட்டைகளுக்கு நடுவால் போகிற அந்தத் தெருவில் குழி விலத்தி விலத்தி, ஏச்சுக்கான வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

வகுப்புத் தொடங்கியிருந்தது. அதிபர் என்னைப் பின்வாங்கில் இருத்திவிட்டுப் போனார். சுவரிலிருந்த பெரிய திரையில் அக்கா. படம் அவ்வளவு தெளிவு. அவள் விரலில் ஒட்டியிருந்த சோக்குத்தூள்கூடத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. மேலே ஒரு மின்விசிறி கிரீச், கிரீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா சமனிலி ஒன்றை எழுதினாள். இரண்டு பக்கத்தையும் மைனஸ் போட்ட மறை எண் ஒன்றால் பெருக்கினாள். குறியைத் திருப்பினாள். அடுத்த வரிக்குப் போனாள்.

முன்வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். இரட்டைப் பின்னல், ஒல்லியான உடம்பு. மைக்குக்குக் கிட்டப் போய், “மிஸ், மறையால பெருக்கினா குறி ஏன் மிஸ் மாறுது?” என்றாள். தெளிவான, சத்தமான குரல்.

அக்கா எழுதிக்கொண்டே இருந்தாள்.

“மிஸ்?” என்றாள் பிள்ளை.

அக்கா திரும்பினாள். கமெராவைப் பார்த்து, “விளங்குதா?” என்றாள்.

“இல்ல மிஸ்!” என்றாள் அந்தப் பிள்ளை.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த அந்தச் சலிப்பு எனக்குத் தெரியும். “சரி,” என்றுவிட்டுப் பலகைக்குத் திரும்பினாள்.

பிள்ளை போய் இருந்தாள். மற்ற நாலு பேரும் தலை நிமிரவே இல்லை. அதுகள் கேட்பதை எப்போதோ விட்டிருக்கவேண்டும். ஐயோ, இவ்வளவு நாளும் இதுவா நடந்தது? பாடம் முடிந்து திரை அணைந்ததும் ஓடிப்போய் அந்தப் பிள்ளையைப் பிடித்தேன்.

“தங்கச்சி, மிஸ்ஸுக்கு நீ சொன்னது கேக்கல்ல. தெரியுமா உனக்கு?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “கேக்கல்லயா? நாங்க நினைச்சம் மிஸ்ஸுக்கு எங்களப் பிடிக்கல்ல எண்டு.”

“அதிபர் சேரிட்ட சொல்லியிருக்கலாமே?”

“மிஸ்ஸப் பத்தி சேரிட்ட எப்பிடிச் சொல்லுற?”

“போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே?”

“மிஸ்ஸுக்கா? போனா?” என்று அவள் கேட்ட விதத்தில் பக்கத்திலிருந்த பிள்ளை சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்து மாமரத்தடி தவிர வேறெங்கும் சிக்னல் இல்லாத ஊரில், வாத்தியாரை எதிர்த்து ஒரு சொல் சொல்லத் தெரியாத பிள்ளைகளிடம் நான் கேட்கிற கேள்வியா இது? என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

மடிக்கணினியைப் பெட்டியோடு கேபிளால் இணைத்தேன். கைவிடப்பட்ட பொதிகள் எத்தனை என்று பெட்டி தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். அக்கா பக்கமிருந்து வந்தவற்றில் ஒன்றும் கைவிடப்படவில்லை. மைக்கிலிருந்து போகவேண்டியவற்றில், போனதைவிடக் கொட்டுண்டது எத்தனையோ மடங்கு. நான் போட்ட விதிதான். வருகிற பொதி தீரும்வரை திரும்பாதே என்றேன். படம் ஓடும்போது வருகிற பொதி எப்போது தீரும்? தீராது. பிள்ளையின் குரல் வரிசையில் நின்று நின்று, நிற்க இடமில்லாமல் போனதும் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அதிபர் “ஹலோ” சொன்ன அன்று படம் இன்னும் ஓடத் தொடங்கியிருக்கவில்லை, அதனால் அது மட்டும் போயிருக்கிறது. நான் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே அளந்தேன். இரண்டும் ஒன்றாகப் போகும்போது அளக்கவே இல்லை. வகுப்பறையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லையே, நான் என்ன செய்ய!

திருத்துவது நாலு வரி வேலை. வருகிறதில் ஒரு கை அளவு எடுத்ததும் நிறுத்து, மைக் பக்கம் திரும்பிப் பார், அங்கே இருப்பதை அனுப்பு, பிறகு திரும்பு. ஆனால் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்கும் நேரம் செலவாகும். படத்தின் வேகம் குறையும். எவ்வளவு குறையும், படம் உறையுமா என்பதை அக்கா பக்கத்திலிருந்து தரவைக் கொட்டிப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தேன், அக்காவின் பெட்டி பதில் சொல்லவில்லை. பாடம் முடிந்ததும் அவள் பிளக்கைக் கழற்றிவிட்டாள்.

மாமரத்தடிக்கு ஓடினேன். அழைத்தேன், எடுக்கவில்லை. திரும்ப அழைத்தேன். முந்தின நாள் கால் கதை கதைத்தவளின் அழைப்பை யார் எடுப்பார்கள்? மூன்றாவது தரம் எடுத்தாள்.

“அக்கா, பிளக்கப் போடுங்க. கெதியா.”

“நாளைக்கு முடியிற விசயத்துக்கு இண்டைக்கு என்னத்துக்கு?”

“அக்கா, அதுகள் கேள்வி கேக்குதுகள். ஒவ்வொரு நாளும் கேட்டிருக்குதுகள். இப்ப நான் கண்ணால பாத்தன். உங்களுக்குத்தான் கேக்கல்ல.”

“உன்ட பெட்டியக் காப்பாத்த என்ன கதையும் சொல்லுவாய்,” என்றாள்.

“பெட்டியில பிழை எண்டுதானே சொல்லுறன்! காப்பாத்துற ஆள் அப்பிடியா சொல்லுவா?”

“நாளைக்கு என்ட காதால கேட்டா நம்புறன். இப்ப நான் ஆசுபத்திரிக்குப் போறன், கிளினிக்,” என்று வைத்துவிட்டாள். மாமரத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். சத்தம் போட்டு ஏசவும் முடியாது, பள்ளிக்கூடம்.

என் மடிக்கணினியையே அக்காவாக நடிக்க வைத்து, கேபிள் வழியாகப் பொய்ப் படமொன்றைப் பெட்டிக்குள் கொட்டினேன். மைக்கின் குரலும் கொட்டுண்டு போகாமல் போய்ச் சேர்ந்தது. எண் குறைந்தது, ஆனால் சகிக்கலாம் போலிருந்தது. கேபிளில் போவதும் வாவிக்கு மேலால் காற்றில் போவதும் ஒன்றல்ல என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் புதிய நிரலை ஏற்றிவிட்டு, வாசலில் சைக்கிளோடு நின்ற அந்தப் பிள்ளையிடம் போனேன்.

“நாளைக்கும் கேளு தங்கச்சி. இண்டைக்குக் கேட்டதையே கேளு.”

அவள் சைக்கிள் பெல்லை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றாள். “அப்பா சொல்லிட்டார். கலைக்கு மாறட்டாம். இனிக் கேட்டு என்ன மிஸ்?”

“ஒரு நாள்தான். எனக்காகக் கேளு.”

அவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் அக்கா வீட்டில். அதிகாரி நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, அமைதியான மனிதர். அக்கா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பாடம் தொடங்குமுன் அவர் என்னிடம் வேகத்தை அளந்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

“முதல்ல காட்டினதவிடக் குறைவா இரிக்கே மிஸ்?”

“ஓம் சேர். குறைச்சிட்டன்.”

“வேணுமெண்டேயா குறைச்சீங்க?”

“ஓம் சேர்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளங்கப்படுத்த வாய் எடுத்தேன். அதற்குள் இரண்டு மணியாகிவிட்டது, அக்கா கமெராவைப் போட்டுவிட்டாள். நல்லவேளை. எனக்கு இருந்த அந்தரத்தில் ஏதும் சுடுசொல் வந்திருக்கும்.

படம் போகிறது. மறுகரையில் எப்படித் தெரிகிறது என்று இங்கிருந்து பார்க்க வழியில்லை. ஒலிபெருக்கியில் சத்தமில்லை. அக்கா பழைய பாடத்தின் மிச்சத்தைத் தொடங்கினாள். அவள் குரலில் உயிரே இல்லை. முடிவெடுத்துவிட்ட ஆள் கதைக்கிற மாதிரி இருந்தது. “விளங்குதா?” என்றாள். ஒன்றும் வரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெட்டி குரலைக் கொண்டுவரவில்லையா, பிள்ளை கேட்கவில்லையா? இரண்டும் ஒரே மௌனமாக அல்லவா இருக்கிறது! மெதுவாக எழுந்துபோய் ஒலிபெருக்கியின் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

கிரீச். கிரீச். கிரீச்.

அக்கா எழுதுவதை நிறுத்தினாள். “என்னடி அது சத்தம்?”

“அவங்கட பேன்,” என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்கச் சகிக்காத அந்தச் சத்தத்தைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. “அந்த வகுப்பு பேன் அக்கா. மேல சுத்துது.”

அக்கா ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அங்கே ஒரு மின்விசிறி சுற்றுவதுகூட அவளுக்குத் தெரியாது. வாங்கு ஒன்று இழுபட்டது. யாரோ இருமினார்கள். ஒரு காகம் கத்தியது. தாள் புரண்டது. அதிகாரியும் கதிரையில் முன்னுக்கு வந்தார்.

“பிள்ளைகள்,” என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. “ஆரும் இரிக்கீங்களா அங்க?”

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும். பிறகு காலடிச் சத்தம் மைக்குக்குக் கிட்ட வந்தது.

“மிஸ், மறையால பெருக்கினா குறி ஏன் மிஸ் மாறுது?”

அக்கா சோக்கை மேசையில் வைத்தாள். முதலில் அவளுக்கு வந்தது வாத்திக் கோபம்தான். “இது முதல் கிழமைப் பாடமெல்லோ புள்ள? விளங்கல்ல எண்டா அப்பவே சொல்லுறல்லயா?”

“சொன்னன் மிஸ்,” என்றாள் அந்தப் பிள்ளை. கோபமே இல்லாத குரல். “நாங்க எல்லாரும் சொன்னம். ஒவ்வொரு நாளும் சொன்னம். மிஸ் சரி எண்டிட்டு அடுத்ததுக்குப் போயிருவீங்க.”

அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். கால் நோவால் என்று அதிகாரி நினைத்து எழுந்தார். அவள் கையால் வேண்டாம் என்று காட்டினாள். எனக்குத் தெரிந்து அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அப்பாவிடம்கூட இல்லை. அன்று, கமெரா ஓடிக்கொண்டிருக்க, வலயத்து சேர் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “மன்னிச்சுக்கங்க புள்ளைகள். எனக்குக் கேக்கல்ல.”

மறுபக்கத்தில் நாலைந்து குரல் ஒன்றன்மேல் ஒன்றாக, “பறவாயில்ல மிஸ்,” என்றன.

“எதுல இருந்து விளங்கல்ல? உண்மையச் சொல்லுங்க. ஏச மாட்டன்.”

“முதல் நாள்ல இருந்து மிஸ்.”

அக்கா எழுந்தாள். பலகையில் இருந்ததை எல்லாம் ஒரு மூலை விடாமல் துடைத்தாள். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப மிஸ், தொடர்றத பத்தி…” என்று இழுத்தார்.

“கொஞ்சம் தள்ளி இரிங்க சேர்,” என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. “புள்ளைகளுக்குப் பலகை தெரியவேணும். நான் திங்கட்கிழமையும் படிப்பிப்பன், அதுக்குப் பிறகும் படிப்பிப்பன். நாளைக்குச் சனிக்கிழமை, ஏலுமெண்டா நாளைக்கும்.”

அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். அக்கா பலகையின் மேல் மூலையில் ஒன்றாம் பாடத்தின் தலைப்பை எழுதினாள். இரண்டாவது வரி எழுதுமுன்னரே மறுகரையிலிருந்து யாரோ ஒரு பையன், “மிஸ், ஒரு கேள்வி,” என்றான். அவள் அங்கேயே நின்று, “கேளு மனே,” என்றாள்.